நுகர்ச்சியே நோன்பாக: இரசிகமணியும் வட்டத்தொட்டியும்

ஆனி பிறந்தவுடன் மேற்கு மலையைக் கடந்து வரும் காற்று செட்டியார்பட்டியிலும் வீசுகிறது, குற்றாலத்திலும் வீசுகிறது. காற்று ஒன்றேயாயினும் அது தரும் பயன் வேறு. இராசபாளையத்துக்குத் தெற்கே சேத்தூர், தளவாய்புரம், செட்டியார்பட்டி வட்டாரத்துக்கு வரும்போது மலையின் மறைவில் ஈரத்தை இழந்து, புழுதியை வாரி இறைக்கும் வறண்ட காற்றாக அது மாறிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழிவிடும் இடத்திலோ அதுவே சாரலாகிச் சிற்றாற்றை அருவியாக்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஏர் பூட்டும் இவ்வட்டார மக்கள், ஆடியில் தென்காசிப் பக்கம் சென்று நனைந்து வருவதை ஒரு வழக்கமாகவே கொண்டுள்ளனர். 1927இல் விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அப்பயணம் எளிதாயிற்று. 1940களில் தென்காசி நிலையத்தில் வந்து இறங்கியவர்களுள், அருவிக்காக மட்டுமன்றி ஒரு மனிதருக்காகவும் வந்தவர்கள் பலர்.

அம்மனிதர் டி. கே. சிதம்பரநாத முதலியார். தமிழுலகம் அவரை ‘இரசிகமணி’ என்று அழைத்தது. அப்பட்டம் சற்று நின்று எண்ணத்தக்கது. தமிழ்நாட்டில் பாடியவர்க்குப் பட்டம் உண்டு. பேசியவர்க்குப் பட்டம் உண்டு. உரை கண்டவர்க்கும் உண்டு. பிறர் பாடியதைக் கேட்டு மகிழ்ந்தமைக்காக ஒருவர் பட்டம் பெற்று, அப்பட்டமே அவர் பெயராக நிலைத்தது அரிதினும் அரிது. அவர் சட்டம் பயின்றவர். வழக்காடும் தொழிலில் மனம் தோயாதவர். 1920களின் பிற்பகுதியில் சென்னைச் சட்ட மேலவையிலும், 1930களின் முற்பகுதியில் இந்து அறநிலையப் பாதுகாப்புக் குழுவிலும் பணியாற்றினார். பதவிகள் வந்தன, போயின. வந்தபோது அவர் மாறவில்லை என்பதினும், போனபின் அவர் வெறுமையுறவில்லை என்பதே வரலாற்றில் குறிக்கத்தக்கது. பதவி நீங்கியவுடன் பகற்பொழுதை என்செய்வது என்று திகைப்போர் எக்காலத்தும் மிகுதி.

முற்றத்தில் ஒரு கழகம்

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவருடைய இல்லத்து முற்றத்தின் வடிவத்தால் அங்குக் கூடிய குழுவுக்கு ‘வட்டத்தொட்டி’ என்னும் பெயர் வந்தது. 1920களில் தொடங்கிய அக்கூட்டம், அவர் அலுவல் நிமித்தம் சென்னைக்குச் சென்றபோது தளர்ந்து, மீண்டபோது தழைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடுவர். உறுப்பினர் பதிவேடு இல்லை; ஆண்டுச் சந்தா இல்லை; தீர்மானம் இயற்றி முன்மொழிந்து வழிமொழியும் சடங்கும் இல்லை. 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கம் ஏடு தொகுத்தது, தேர்வு நடத்தியது, ‘செந்தமிழ்’ இதழை வெளியிட்டது. 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் அவ்வழியில் அருந்தொண்டு புரிந்தது. அவற்றோடு வைத்து எண்ணும்போது வட்டத்தொட்டி ஒரு கழகமே அன்று எனலாம். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, மாலை முழுவதும் அதனோடு இருந்துவிட்டு, உண்டு கலைந்து செல்வார்கள். இவ்வளவே அதன் நடவடிக்கை.

ஆயினும் அப்பாட்டை எடுத்துக்கொள்ளும் முறையில்தான் அனைத்தும் அடங்கியிருந்தது. புலவர்கள் பாட்டைப் பதம் பிரித்து, இலக்கணக் குறிப்புரைத்து, கொண்டுகூட்டிப் பொருள் கண்டு முடித்துவிடுவர். இரசிகமணியோ பாட்டைக் காதால் கேட்க வேண்டிய ஒன்றாகக் கருதினார். ஓரடியைச் சொல்லி நிறுத்துவார், திரும்பச் சொல்லுவார், தாளத்தின் ஏற்ற இறக்கத்தைக் குரலில் காட்டுவார், கேட்போர் முகத்தில் அது பட்டு விரியும்வரை அடுத்த அடிக்குச் செல்லமாட்டார். கம்பனாயினும் முத்தொள்ளாயிரமாயினும் குற்றாலக் குறவஞ்சியாயினும், பெயரறியா நாட்டுப்புறத்தார் பாடியதாயினும், அளவுகோல் ஒன்றே: உள்ளத்து உணர்ச்சியும் சொல்லின் உருவமும் ஒன்றாகப் பொருந்தியுள்ளனவா என்பது. பொருந்தியிருந்தால் அது கவி. இல்லையேல் எத்துணைப் பெரிய பெயர் அதன்மேல் இருந்தாலும் அவர் அசையமாட்டார்.

இவ்வளவுகோல் அவரைச் சிக்கலிலும் ஆழ்த்தியது. கம்பராமாயணத்தில் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளியதும், சில இடங்களில் பாடத்தைத் தாமே திருத்தியதும் பதிப்பாசிரியர்களின் கண்டனத்துக்கு இலக்காயின. கண்டனம் நியாயமானதே. ஓலைச்சுவடியின் சான்றை ஒருவர் செவியின் சான்று வெல்லுமாயின் பதிப்புத் துறைக்கு நிலைக்களன் இல்லாமற் போகும். ‘கம்பர் தரும் ராமாயணம்’ ஒரு பதிப்பு என்பதைவிட, கம்பனை வாழ்நாள் முழுவதும் நுகர்ந்த ஒருவரின் நுகர்ச்சிக் குறிப்பு என்று கொண்டால் அதன் பெருமை குறையாது. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் முதல் விழாவுக்கு அவர் தலைமை ஏற்றதும், இன்று ஊர்தோறும் கம்பன் கழகங்கள் நிலவுவதும் அந்நுகர்ச்சியின் விளைவுகளுள் அடங்கும்.

வட்டத்தொட்டிக்கு வந்தோர் முழுநேரப் புலவர் அல்லர். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் வருவாய்த் துறை அலுவலர், எஸ். மகராஜன் நீதித்துறையைச் சேர்ந்தவர், பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதி, அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர், மீ. ப. சோமு வானொலிக்குச் சென்றவர். கோப்பும் சட்டமும் வகுப்பறையும் பகலை உண்டுவிட, மாலையில் வந்து அமர்ந்தவர்கள். அம்மாலைகள் அவர்களுடைய பகல்களை என்ன செய்தன என்பதற்குத் தொண்டைமான் ஒருவரே சான்று. தஞ்சையில் அலுவல் பார்த்தபோது, வயலிலும் வரப்பிலும் கேட்பாரற்றுக் கிடந்த சோழர் காலத்துச் சிலைகளைத் திரட்டிக் கலைக்கூடம் அமைய வழிவகுத்தார். வரி வசூலுக்கு ஊர் ஊராகச் சென்ற அதே வண்டியில் அவர் கண்ணும் உடன் சென்றது! ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்னும் கோயிற் கட்டுரைகளும் அக்கண்ணின் கொடையே. மகராஜன் நீதிமன்றப் பணிகளுக்கிடையே ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கியதும் இவ்வகையினதே. வட்டத்தொட்டி அவர்களை அலுவலிலிருந்து விடுவிக்கவில்லை. அலுவலுக்குள்ளேயே பார்க்கவும் கேட்கவும் பழக்கியது.

திருவில்லிபுத்தூர் கண்ட நெறி

குற்றாலத்தில் குடியேறியபின் இரசிகமணியின் இல்லம் விருந்தினர் ஓயாத வீடாயிற்று. இராஜாஜி வந்தார், கல்கி வந்தார், பெயர் தெரியாத இளைஞர் பலரும் வந்தனர். காலையில் அருவி, பின்னர் சிற்றுண்டி, பின்னர் கம்பன், மாலையில் சாரலில் நடை. இலையில் பரிமாறப்பட்டதைப் பற்றி அவர் பேசுவதும் பாட்டைப் பற்றிப் பேசுவதும் ஒரே குரலில் இருந்தன என்பர். இதனைச் சிலர் போகம் என்று எண்ணினர். தமிழ் மரபில் துறவுக்கு இருக்கும் மதிப்பு நுகர்ச்சிக்கு இல்லாமையே அவ்வெண்ணத்துக்குக் காரணம்.

ஆனால் இவ்வட்டாரமே அதற்கு மாற்று மரபு ஒன்றைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே படைத்துத் தந்துள்ளது. திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் திருப்பாவை நோன்பைப் பாடுவது. முப்பது பாடல்களின் தொடக்கத்தில் நெய், பால், மை, மலர் அனைத்தும் விலக்கப்படுகின்றன. இருபத்தேழாம் பாடலில் அணிகலனும் புத்தாடையும் நெய் பெருகிய பாற்சோறும் திரும்ப வருகின்றன. தோழியர் ஒருங்கு கூடி உண்கின்றனர். விலக்கியவை எவையோ அவையே பயனாக மீள்கின்றன. ஆனால் இம்முறை தனித்து அன்று, கூட்டமாக. நோன்பின் முடிபு நுகர்ச்சியாக அமைவதை இத்துணை இயல்பாகப் பாடிய ஊருக்கு அண்மையில் வாழ்வோர், இரசிகமணியின் இலையைக் கண்டு மருள வேண்டியதில்லை. (கிருட்டிணதேவராயர் இவ்வாண்டாள் வரலாற்றைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதம்’ என்று காவியமாக்கினார். அதனைத் தமிழாக்கி, 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்ற மு. கு. ஜகந்நாதராஜா இராசபாளையத்தவர். ஒரு மலர்மாலை இரு மொழிகளுக்கிடையே சென்று மீண்டது போலும்.)

பதவியின் ஏற்றத்தாழ்வைக் கலையுள்ளத்தோடு கடந்தவர்க்கும் இராசபாளையமே எடுத்துக்காட்டுத் தரும். பூ. ச. குமாரசாமிராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். 1952 தேர்தலில் தோல்வியுற்றார். 1954இல் ஒரிசாவின் ஆளுநரானார். தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார் என்பதே ஊர் அவரை நினைக்கும் முதற் செய்தி. வெற்றி தோல்விக் கணக்குகள் அதற்குப் பின்னரே வருகின்றன.

ஓர் இரங்கற்பா

பதவி போவது சிறு மாற்றம். 1940களின் தொடக்கத்தில் இரசிகமணி தம் மகன் தீத்தாரப்பனை இழந்தார். ‘தீபன்’ என்னும் புனைபெயரில் அழகிய கட்டுரைகள் எழுதி வந்த இளைஞர் அவர். அவை பின்னர் ‘அரும்பிய முல்லை’ என நூலாயின. செய்தி அறிந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நாஞ்சில் நாட்டிலிருந்து இரங்கற்பா ஒன்றை எழுதி அனுப்பினார். கவிமணியின் அருமையைத் தமிழுலகுக்கு இடைவிடாது எடுத்துரைத்தவர் இரசிகமணி. அவர் பாடல்களை ஊர்தோறும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர். இப்போது அக்கவிஞரின் பாட்டு, தம் பிள்ளையின் சாவைப் பொருளாகக் கொண்டு தம் கைக்கே வந்தது.

அதனை அவர் நுகர்ந்தார். கவிநயத்தில் தோய்ந்தார். நண்பர்களிடம் எடுத்துக்காட்டிப் போற்றினார். இத்தகைய பாட்டு கிடைக்குமாயின் பிள்ளையைப் பறிகொடுத்ததும் தகும் என்னும் கருத்துப்பட அவர் கூறியதாக ஒரு செய்தி பல வடிவங்களில் வழங்கி வருகிறது. வாய்மொழிச் செய்தி நாவுக்கு நா கூர்மை பெறுவது. ஆதலின் அச்சொற்களைப் பிடித்துக்கொண்டு வழக்காடுதல் பொருந்தாது. பாட்டை அவர் பாட்டாகவே ஏற்றார் என்பதுதான் இங்கு வேண்டப்படுவது.

இதனைக் கேட்போர் இருவகைப்படுவர். ஒரு சாரார் வியப்பர். மறுசாரார் உள்ளூர வெறுப்பர்; பெற்ற மனம் இப்படியும் கல்லாகுமோ என்பர். வெறுப்போரின் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. நுகர்ச்சி என்பது வாழ்வின் வலியை அறியாதிருக்க ஒருவர் கட்டிக்கொண்ட திரையாயின், அத்திரை கிழியவேண்டிய இடம் இதுவே. இங்கும் கிழியவில்லையெனில் அவர் மனிதரா என்று கேட்பதில் தவறில்லை.

தமிழ் மரபு இதற்கு விடையளிக்க வல்லது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது உவகைக்கு ஓரிடம் தந்தவாறே அழுகைக்கும் ஓரிடம் தந்தார். இழவும் வறுமையும் அழுகைக்குரிய நிலைக்களன்களாக எண்ணப்பட்டன. சங்கப் புலவர்கள் கையறுநிலை பாடினர். தந்தையை இழந்த பாரிமகளிர் பாடிய பாட்டு புறநானூற்றில் இடம்பெற்று, ஈராயிரம் ஆண்டுகளாகச் சுவைக்கப்பட்டு வருகிறது. அப்பாட்டைச் சுவைப்போரை எவரும் கல்நெஞ்சர் என்பதில்லை. பிறர் இழவைப் பாடிய பாட்டைச் சுவைத்தல் தகுமெனில், தம் இழவைப் பாடிய பாட்டின்முன் மட்டும் செவியைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது எவ்வகையில் நியாயம்? கவிமணி அனுப்பியது ஆறுதல் மடல் அன்று, பாட்டு. அதனை மடலாக வாசித்து மடித்து வைத்திருந்தால் நண்பரின் துயரத்தையும் உழைப்பையும் அவர் மதியாதவர் ஆகியிருப்பார். ஆண்டுக்கணக்காக ஞாயிறு மாலைகளில் ஓரடியை நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகிய நா, அன்றும் அவ்வாறே சொல்லிற்று. அழுகையும் அவ்வடிகளுக்குள்ளேயே இருந்தது.

எனினும் ஒன்று கூறவேண்டும். துயருற்றவரிடம் சென்று ‘நயம் காண்க’ என்று அறிவுரை சொல்வது கொடுமை. இரசிகமணியும் தம் செயலைப் பிறர்க்கு விதியாக்கியவர் அல்லர். அவரைப் போற்றுவோர் சிலர் அந்நிகழ்ச்சியை ஒரு வீரச்செயல்போல் மேடைகளில் முழங்குவது அவருக்கு இழைக்கும் தீங்கேயாகும்.

கிரேக்க நாட்டிலும் இதற்கு இணை உண்டு. கி.மு. 341இல் பிறந்த எபிகூரஸ், ஏதென்சு நகரில் ஒரு தோட்டத்தை வாங்கி அங்கே நண்பர்களோடு வாழ்ந்தார். இன்பமே வாழ்வின் பயன் என்று கூறியமையால் பெருந்தீனிக்காரர் என்று பழிக்கப்பட்டார்; உண்மையில் அவர் உண்டது பெரும்பாலும் அப்பமும் நீருமே. கி.மு. 270இல் கல்லடைப்பு நோயின் கொடிய வேதனையோடு இறக்குந்தறுவாயில் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், நண்பர்களோடு முன்பு நிகழ்த்திய உரையாடல்களின் நினைவு தரும் மகிழ்ச்சி அவ்வேதனைக்கு எதிராக நிற்கிறது என்று குறித்தார். வேதனை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டை முற்றத்தில் கூடியவர்கள் எபிகூரசைப் படித்திருந்தாலும் படிக்காதிருந்தாலும், அத்தோட்டத்துக்கு அவர்கள் அயலார் அல்லர்.

கரிசலில் விழுந்த சாரல்

1954 பிப்ரவரி 16 அன்று இரசிகமணி மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும் டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். பாடியவர், கேட்டு மகிழ்ந்தவர், அம்மகிழ்ச்சியை அச்சேற்றி நாடெங்கும் பரப்பியவர் ஆகிய மூவரையும் ஓராண்டே கொண்டு சென்றது.

அதன்பின் இரசனை நெறி மீது எழுந்த குறைகூறல்களுள் வலியது ஒன்று: நிலமும் ஓய்வும் உடையோர்க்கே அது இயலும் என்பது. உண்மை இல்லாமற் போகவில்லை. விருந்தினர்க்கு வேளைதோறும் இலை போட வசதி வேண்டும். தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பகுதியில் ஆயத்த ஆடை தைத்துத் துண்டுக்குக் கூலி பெறும் பெண்ணுக்குக் குற்றாலத்தில் கம்பன் கேட்க நேரம் ஏது? ஆனால் அக்குறைகூறலுக்கு விடை ஆராய்ச்சிக் கட்டுரையாக வரவில்லை. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலிலிருந்து இரண்டு இளைஞர்களாக வந்தது. 1923இல் ஒரே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இரசிகமணியிடம் மனம் பறிகொடுத்தவர்கள். இருவர்க்கும் பெருநிலம் இல்லை, பெரும்பட்டம் இல்லை. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர், காசநோயோடு போராடியவர், விளாத்திகுளம் சுவாமிகளிடம் இசை கேட்டவர், கரிசலில் உழுதவர்.

குற்றாலத்தில் கம்பனைக் கேட்ட அதே செவியை அவர் தம் ஊர்ச் சம்சாரிகளின் பேச்சுக்குத் திருப்பினார். ஓய்வில்லாதவர்களிடமும் நுகர்ச்சி உண்டு என்பது அப்போது புலனாயிற்று. களத்துமேட்டில், பருத்தி எடுக்கும்போது, கமலை இறைக்கும்போது, கம்மங்கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தைப் பற்றி வாதிடும்போது அவர்கள் ஒரு சொல்லை எடுத்து, திருப்பி, சிரித்து, அடுத்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்தொட்டியில் பாட்டுக்கு நடந்தது இங்கே பழமொழிக்கும் வசைக்கும் கதைக்கும் நடந்துகொண்டிருந்தது. அச்சொற்களை அவர் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’யாகத் தொகுத்தார். பதிப்புத் துறையில் ஆசிரியரைத் தடுமாற வைத்த செவி, மாணவருக்கு அகராதி தந்தது!

வாழ்வு அவரையும் இடம்பெயர்த்தது. அறுபத்தைந்து வயதை எட்டியபின், 1989இல், கரிசலை விட்டுக் கடலோரப் புதுச்சேரிக்குச் சென்று பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் பேராசிரியராகப் பணி ஏற்றார். பள்ளியை முடிக்காதவர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்தது நாடறிந்த செய்தி. அவ்வயதில் ஊரைப் பிரிந்து, நாவுக்குப் பழகிய நீரையும் செவிக்குப் பழகிய பேச்சையும் விட்டு, அங்கேயே முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பது அத்துணை எடுத்துப் பேசப்படுவதில்லை. 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ புதினத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அழகிரிசாமிக்கு அவ்விருது 1970இல், அவர் மறைந்த ஆண்டுக்கு உரியதாக, ‘அன்பளிப்பு’ சிறுகதைத் தொகுதிக்கு வழங்கப்பட்டது. நண்பர் போனபின் அரை நூற்றாண்டு ராஜநாராயணன் எழுதினார். தொண்ணூறைக் கடந்தும் எழுதினார். 2021 மே 17 அன்று புதுச்சேரியில் மறைந்த அவரது உடல், ஆனிக் காற்றுக்கு முந்திய கோடையில், இடைசெவல் கரிசலுக்கே திரும்பக் கொண்டுவரப்பட்டது.